கால்பந்து இயக்குநர் நாற்காலியில் யாரை உட்கார வைப்பது?

2019 மே 7. லிவர்பூல் நகரின் ஆன்ஃபீல்டு மைதானம். ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் இரண்டாவது ஆட்டம். முதல் ஆட்டத்தில் பார்சிலோனாவிடம் 3-0 என்று தோற்றுவிட்டு வந்திருந்தது லிவர்பூல். போதாக்குறைக்கு, தலையில் அடிபட்டிருந்த முஹம்மது ஸலாஹ்வும் ஆட முடியாத நிலை. 'விட்டுக்கொடுக்காதே' என்ற வாசகம் எழுதிய கறுப்புச் சட்டையுடன் அவர் பார்வையாளர் பகுதியில் இருந்த படத்தை நம் வீட்டுப் பிள்ளைகள் பலரும் பார்த்திருப்பார்கள்.

அன்று லிவர்பூல் 4-0 என்று வென்றது. இரண்டு கோல்களை அடித்தவர் ஓரிகி. மற்ற இரண்டையும் இடைவேளைக்குப் பிறகு களமிறங்கிய வைனால்டம் இரண்டே நிமிட இடைவெளியில் அடித்தார். அதில் ஒன்றுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுத்தவர் ஷாகிரி. வைனால்டம் யாருக்குப் பதிலாக இறங்கினாரோ, அவர் பெயர் ராபர்ட்சன். இந்த மூவருக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. நியூகாசில், ஹல், ஸ்டோக் ஆகிய மூன்று கிளப்புகள் பிரீமியர் லீக்கிலிருந்து கீழ்ப் பிரிவுக்குத் தள்ளப்பட்டபோது அங்கிருந்து ஒவ்வொருவராக வாங்கப்பட்டவர்கள் இவர்கள். தோற்ற அணிகளில் கிடந்த வீரர்கள்தாம் அன்று ஐரோப்பாவின் பெரும் அணியை வீழ்த்த உதவினார்கள்.

இன்னொரு வேடிக்கையும் அன்று நடந்தது. பார்சிலோனா சட்டையில் ஆடிய குட்டினோ, பதினாறு மாதங்களுக்கு முன்புவரை லிவர்பூலின் நட்சத்திரமாக இருந்தவர். அவரை விற்ற பணம் வந்த அதே ஆண்டில்தான் தடுப்பாட்டத்துக்கு வான் டைக்கும் கோல் காக்க அலிசனும் வாங்கப்பட்டார்கள். அந்த இருவரும்தான் அன்று பார்சிலோனாவை ஒரு கோல்கூட அடிக்கவிடாமல் தடுத்து நின்றார்கள்.

இத்தனைக்கும் பின்னால் இருந்தவர்களில் முக்கியமான ஒருவரை அன்று தொலைக்காட்சியில் யாரும் காட்டவில்லை. அவர் மைக்கேல் எட்வர்ட்ஸ், லிவர்பூலின் விளையாட்டு இயக்குநர். பேட்டி கொடுக்க மாட்டார். கோப்பையோடு படம் எடுத்துக்கொள்ள முண்டியடிக்கவும் மாட்டார். இப்படி ஒருவரை எப்படித் தேடுவது, அவரிடம் எதைப் பார்ப்பது என்பதுதான் இன்று ஐரோப்பிய கிளப்புகள் கோடிகளைக் கொட்டியும் விடை காணத் தடுமாறும் கேள்வி.

இது என்ன பதவி?

விளையாட்டு இயக்குநர், கால்பந்து இயக்குநர், தொழில்நுட்ப இயக்குநர் எனக் கிளப்புக்குக் கிளப் பெயர் மாறும். வேலை ஏறத்தாழ ஒன்றுதான். பயிற்சியாளர் அடுத்த ஆட்டத்தைப் பார்க்கிறார். இயக்குநர் மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு வரப்போகும் அணியைப் பார்க்கிறார். யாரை வாங்குவது, யாரை விற்பது, எவ்வளவு சம்பளம், யாருடைய ஒப்பந்தத்தை எப்போது நீட்டிப்பது, இளையோர் அணியிலிருந்து யாரை மேலே கொண்டுவருவது, இப்போதைய பயிற்சியாளர் போய்விட்டால் அடுத்து யார் என்பதெல்லாம் அவர் பொறுப்பு. மருத்துவம், உடற்தகுதி, ஆட்டப் பகுப்பாய்வு ஆகிய துறைகளும் பெரும்பாலும் அவருக்குக் கீழே வரும்.

ஸ்பெயின், இத்தாலி, ஜெர்மனி நாடுகளில் இந்தப் பதவி பழையது. இங்கிலாந்தில் நெடுங்காலம் இதெல்லாம் மேனேஜர் என்ற ஒருவர் கையிலேயே இருந்தது. மான்செஸ்டர் யுனைடெட் அணியை 1986 முதல் 2013 வரை நடத்திய அலெக்ஸ் ஃபெர்குசன் அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 13 லீக் பட்டங்களை வென்று தந்தவர். இருபத்தாறு ஆண்டுகளுக்கு மேல் ஒருவரே இருந்தால், நாளைய அணியையும் அவரே யோசிப்பார். இன்று நிலைமை வேறு. ஒரு பயிற்சியாளர் இரண்டு மூன்று ஆண்டுகள் தாக்குப்பிடித்தாலே பெரிது. வீரரின் ஒப்பந்தமோ ஐந்து ஆண்டு. இரண்டு ஆண்டில் போகப்போகிறவர் ஐந்தாண்டுச் செலவை முடிவு செய்வது எப்படிச் சரியாகும்? இந்த இடைவெளியை நிரப்பத்தான் இயக்குநர் வேண்டும்.

'வேண்டாம்' என்று சொல்லும் துணிவு

முதலில் பார்க்க வேண்டிய தகுதி இதுதான். பயிற்சியாளரிடமும், தேவைப்பட்டால் முதலாளியிடமும், மரியாதை குறையாமல் 'வேண்டாம்' என்று சொல்லக்கூடியவரா?

2017 கோடையில் லிவர்பூல் பயிற்சியாளர் யூர்கன் க்ளோப்பின் மனம் ஜெர்மன் வீரர் யூலியன் பிராண்டிடம் இருந்தது. எட்வர்ட்ஸும் அவர் குழுவினரும் ஸலாஹ்வைத்தான் வாங்க வேண்டும் என்று விடாமல் வற்புறுத்தினார்கள். அன்றைய ஸலாஹ் இன்று நாம் அறிந்த ஸலாஹ் அல்ல. 2014இல் செல்சி அணிக்கு வந்து, பெரும்பாலும் மாற்று வீரர்களின் இருக்கையிலேயே காலம் கழித்து, இத்தாலிக்கு அனுப்பப்பட்டவர். 'இங்கிலாந்துக்கு ஒத்துவராதவர்' என்று முத்திரை குத்தப்பட்டவர். ஆனால் ரோமா அணியில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதை எட்வர்ட்ஸ் குழு உன்னிப்பாகப் பார்த்திருந்தது. சுமார் 3.7 கோடி பவுண்டுக்கு அவர் வாங்கப்பட்டார். முதல் சீசனிலேயே பிரீமியர் லீக்கில் 32 கோல்.

இதில் க்ளோப்பின் பெருமையையும் சொல்ல வேண்டும். தம் விருப்பத்தை விட்டுக்கொடுத்தார். பின்னர் அதைப் பொதுவெளியில் ஒப்புக்கொள்ளவும் செய்தார். இயக்குநர் மறுத்துப் பேசத் துணிய வேண்டும் என்றால், பயிற்சியாளருக்கும் அதைக் கேட்கும் மனம் இருக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான காட்சியை 2022இல் செல்சியில் பார்த்தோம். புதிதாகக் கிளப்பை வாங்கியிருந்த அமெரிக்க முதலாளி டாட் போலி, தற்காலிக விளையாட்டு இயக்குநராகத் தம்மையே நியமித்துக்கொண்டார். பயிற்சியாளர் தாமஸ் டுகெல் முன்பு டார்ட்மண்ட் அணியில் தம்மோடு இருந்த ஆபமெயாங்கைக் கேட்டார். செப்டம்பர் 1ஆம் தேதி, பார்சிலோனாவிலிருந்து ஆபமெயாங் வந்து சேர்ந்தார். செப்டம்பர் 7ஆம் தேதி டுகெல் நீக்கப்பட்டார். யாருக்காக வந்தாரோ அவரே இல்லை; வந்தவர் மட்டும் நின்றார். அந்த சீசனில் செல்சி 12ஆம் இடத்தில் முடிந்தது.

மான்செஸ்டர் யுனைடெட்டின் கதையும் இதுவே. அதே 2022இல் பயிற்சியாளராக வந்த எரிக் டென் ஹாக், தம் பழைய கிளப்பான அயாக்ஸிலிருந்து ஆண்டனியைக் கொண்டுவந்தார். விலை 8 கோடி பவுண்டுக்கும் மேல். அந்த விலைக்கு அந்த வீரர் தகுவாரா என்று மேசையைத் தட்டிக் கேட்டு நிறுத்தும் அதிகாரம் படைத்த ஒருவர் அங்கு இல்லை என்பது விளைவிலிருந்தே தெரிந்தது. 2025இல் ஆண்டனி ஸ்பெயினின் பெட்டிஸ் அணிக்குப் போனபோது, கொடுத்த விலையில் ஏறத்தாழ கால் பங்குதான் திரும்பி வந்தது.

வாங்கத் தெரிந்தவர் பலர். விற்கத் தெரிந்தவர் சிலர்

புதிய வீரர் வரும்போது மாலை போட்டு வரவேற்க எல்லோரும் இருப்பார்கள். ரசிகர்கள் நேசிக்கும் ஒருவரைச் சரியான நேரத்தில் விற்பதற்குத்தான் ஆள் கிடைக்காது.

குட்டினோவை லிவர்பூல் 2013இல் வாங்கியது 85 லட்சம் பவுண்டுக்கு. 2018 ஜனவரியில் விற்றது, நிபந்தனைத் தொகைகளையும் சேர்த்தால், சுமார் 14.2 கோடி பவுண்டுக்கு. வாங்கும்போது இருந்த கணக்கும் பொறுமையும் விற்கும்போதும் இருந்தன. பணம் கையில் வந்ததும் கண்டபடி செலவாகவில்லை. அணியில் எந்த இடம் ஓட்டையாக இருக்கிறது என்று முன்பே தெரிந்திருந்தது. அந்த இடத்துக்கான வீரரும் யார் என்று முடிவாகியிருந்தது.

இந்தக் கலையில் எட்வர்ட்ஸுக்கு முன்னோடி, மோன்சி என்று அழைக்கப்படும் ரமோன் ரோட்ரிகஸ். ஸ்பெயினின் செவியா அணியில் கோல்கீப்பராக இருந்தவர். 2000ஆம் ஆண்டு அந்த அணி கீழ்ப் பிரிவுக்குத் தள்ளப்பட்டு, கடனில் தவித்த நேரத்தில் விளையாட்டு இயக்குநர் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. பெரிய பெயர்களை வாங்கக் காசு இல்லை. ஆகவே யாரும் பார்க்காத இடங்களைப் பார்த்தார். பிரேசிலின் பாஹியா அணியிலிருந்து வந்த டானி ஆல்வெஸ் என்ற இளைஞர் 2008இல் பெரும் தொகைக்கு பார்சிலோனா போனார். ஜெர்மனியில் ஒப்பந்தம் முடியும் தறுவாயில் இருந்த ராகிடிச்சைச் சிறு தொகைக்கு வாங்கினார். அவரும் பார்சிலோனா போனார். சொந்த இளையோர் அணியில் வளர்ந்த செர்ஹியோ ராமோஸ் ரியல் மாட்ரிட் போனார். இத்தனை பேரை விற்றும் அணி சரியவில்லை. 2006க்கும் 2016க்கும் இடையில் யூஃபா கோப்பையையும் அதன் புதிய வடிவமான யூரோப்பா லீக்கையும் சேர்த்து ஐந்து முறை வென்றது.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மோன்சி முன்னாள் வீரர். எட்வர்ட்ஸோ இளையோர் அணியோடு ஆட்டத்தை நிறுத்திக்கொண்டு, போர்ட்ஸ்மவுத் கிளப்பில் ஆட்டப் பகுப்பாய்வாளராக வேலையைத் தொடங்கியவர். ஆகவே 'பெரிய வீரராக இருந்தாரா' என்பது அளவுகோல் ஆகாது. புகழ்பெற்ற முன்னாள் நட்சத்திரத்தை ரசிகர்கள் கைதட்டுவார்கள் என்பதற்காகவே இந்த நாற்காலியில் அமர்த்துவது முதல் தவறு.

எண்ணும் வேண்டும், கண்ணும் வேண்டும்

லிவர்பூலின் ஆய்வுப் பிரிவை அன்று நடத்தியவர் இயான் கிரஹாம். இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர். கோல் அடித்தவரை மட்டும் அவர் கணக்கெடுக்கவில்லை. ஒருவர் கொடுத்த ஒவ்வொரு பாஸும் அணியின் கோல் வாய்ப்பை எவ்வளவு கூட்டியது, எவ்வளவு குறைத்தது என்று கணக்கிடும் முறையை உருவாக்கினார். செல்சியில் வாய்ப்பே கிடைக்காத ஸலாஹ்வின் தகுதி இப்படித்தான் தெரியவந்தது.

அதற்காகக் கணினி சொன்னதை அப்படியே கையெழுத்திட்டு வாங்குபவர் இயக்குநர் அல்ல. இருபது வயதுப் பையன் ஒருவன் மொழி தெரியாத ஊரில், குளிரில், குடும்பத்தைப் பிரிந்து எப்படி இருப்பான் என்பதை எண்கள் சொல்லாது. அதை நேரில் போய்ப் பார்த்த ஸ்கவுட் சொல்ல வேண்டும். முன்பு பயிற்சி தந்தவரிடம் கேட்டறிய வேண்டும். கணக்குப் போடுபவரும், நேரில் பார்ப்பவரும், பயிற்சியாளரும் ஒருவரையொருவர் கேலி செய்யாமல் ஒரே மேசையில் உட்காரும்படி செய்வதுதான் இயக்குநரின் திறமை. மூவரையும்விட அதிகம் தெரிந்தவராக அவர் இருக்க வேண்டியதில்லை. மூவர் சொல்வதும் புரிகிறவராக இருந்தால் போதும்.

ஏஜென்ட்டுகளோடு நெருக்கம் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 'அவருக்கு எல்லா ஏஜென்ட்டுகளையும் தெரியும்' என்பது தகுதியாகவே பேசப்படுகிறது. தொடர்பு தேவைதான். ஆனால் வாங்குவதெல்லாம் ஒரே ஏஜென்ட்டின் வீரர்களாக இருந்தால், அந்த இயக்குநர் யாருக்காக வேலை செய்கிறார் என்று கிளப் கேட்டே ஆக வேண்டும். கோடிகள் கைமாறும் இடத்தில் நம்பகம்தான் முதல் தகுதி.

நாளைக்கு யார்?

இங்கிலாந்தின் தென்கடற்கரையில் இருக்கும் பிரைட்டன் சிறிய கிளப். 2022இல் அதன் மேல் அடிக்குமேல் அடி விழுந்தது. பிப்ரவரியில் தொழில்நுட்ப இயக்குநர் டான் ஆஷ்வொர்த் விலகினார். கோடையில் நடுக்கள வீரர் பிஸ்ஸூமா டாட்டன்ஹாமுக்கும், இடது தடுப்பாட்டக்காரர் குகுரெல்லா செல்சிக்கும் போனார்கள். செப்டம்பரில் பயிற்சியாளர் கிரஹாம் பாட்டரையே செல்சி அழைத்துக்கொண்டு போனது. இப்படி நடந்தால் எந்தக் கிளப்பும் ஆடிப்போகும்.

பிரைட்டன் ஆடவில்லை. ஆஷ்வொர்த்தின் இடத்துக்கு, அவர் கீழ் வேலை பழகியிருந்த டேவிட் வெயர் வந்தார். பிஸ்ஸூமாவின் இடத்துக்கு, 2021இல் ஈக்வடாரிலிருந்து 50 லட்சம் பவுண்டுக்கும் குறைவான விலையில் வாங்கி வளர்த்துவைத்திருந்த கைசெடோ வந்தார். குகுரெல்லாவின் இடத்துக்கு எஸ்துபின்யான் வந்தார். பாட்டருக்குப் பதிலாகப் பத்தே நாளில் டி ஜெர்பி வந்தார். அந்த சீசனில் ஆறாம் இடம். கிளப்பின் வரலாற்றில் முதல்முறையாக ஐரோப்பியப் போட்டிக்குத் தகுதி. அடுத்த ஆண்டு அதே கைசெடோவைச் சுமார் 11.5 கோடி பவுண்டுக்கு செல்சி வாங்கியது.

முதலாளி டோனி புளூம் தொடங்கி, பிரைட்டனில் எல்லோரும் பழகிய பாடம் ஒன்றுதான். யாராவது ஒருவர் போனபின் தேடத் தொடங்கினால் நேரம் கடந்துவிடும். ஒவ்வொரு நாற்காலிக்கும் அடுத்த பெயர் எப்போதும் கையில் இருக்க வேண்டும். இயக்குநரின் நாற்காலிக்கும் சேர்த்து.

இதில் லிவர்பூலே சறுக்கியது. 2022இல் எட்வர்ட்ஸ் போனார். அடுத்து வந்த ஜூலியன் வார்டு ஓர் ஆண்டில் போனார். அதன்பின் தற்காலிகமாக யோர்க் ஷ்மாட்கே வந்தார். நாற்காலி இப்படி ஆடிக்கொண்டிருந்த காலத்தில் ஸலாஹ், வான் டைக், அலெக்ஸாண்டர்-அர்னால்டு மூவரின் ஒப்பந்தங்களும் ஒரே கோடையில், 2025இல், முடியும் நிலைக்கு வந்துவிட்டன. 2024இல் எட்வர்ட்ஸ் உரிமையாளர் நிறுவனத்துக்கே திரும்பி, ரிச்சர்ட் ஹியூஸை விளையாட்டு இயக்குநராக்கிய பின் ஸலாஹ்வும் வான் டைக்கும் 2025 ஏப்ரலில் கையெழுத்திட்டார்கள். அலெக்ஸாண்டர்-அர்னால்டு ரியல் மாட்ரிட் போய்விட்டார். சிறுவயது முதல் வளர்த்த வீரர், சந்தையில் பெரும் விலை போகக்கூடியவர், மிகச் சிறிய தொகைக்குக் கைநழுவினார். இயக்குநர் இல்லாத காலத்தின் விலை சில ஆண்டுகள் கழித்துத்தான் தெரியும் என்பதற்கு இது சான்று.

அதே ஹியூஸ் செய்த நல்லதையும் சொல்ல வேண்டும். க்ளோப் விலகியபின், நெதர்லாந்தின் ஃபெயனூர்டு அணியிலிருந்து ஆர்னே ஸ்லாட் அழைத்துவரப்பட்டார். 2024 கோடையில் முதல் அணிக்கு வந்த புதியவர் ஃபெடரிகோ கியேசா ஒருவர்தான். இருக்கும் வீரர்களோடு ஒத்துப்போகும் பயிற்சியாளரைத் தேடினார்கள். பயிற்சியாளருக்காக அணியைக் கலைக்கவில்லை. 2025 ஏப்ரல் 27ஆம் தேதி லிவர்பூல் தன் 20ஆவது லீக் பட்டத்தை உறுதிசெய்தது. ஸலாஹ் அந்த சீசனில் லீக்கில் 29 கோல் அடித்தார். 18 கோல்களுக்கு வழி அமைத்தார்.

வீரரும் மனிதர்தான்

2021 ஏப்ரலில் லெஸ்டர் - கிரிஸ்டல் பேலஸ் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. ரமலான் மாதம். முதல் பாதியில் சூரியன் மறைந்ததும், பேலஸ் கோல்கீப்பர் பந்தை உதைக்காமல் சற்று நின்றார். லெஸ்டரின் இளம் வீரர் வெஸ்லி ஃபொஃபானா ஓரத்துக்குப் போய் நோன்பு திறந்தார். போட்டிக்கு முன்பே இரு தரப்பும் நடுவரும் பேசி வைத்திருந்த ஏற்பாடு அது. ஃபொஃபானா பின்னர் நன்றி தெரிவித்தார்.

சிறிய செய்திதான். ஆனால் நோன்பு மாதத்தில் ஒரு வீரரின் உணவு, உறக்கம், பயிற்சி நேரம் ஆகியவற்றை மருத்துவரும் உணவு வல்லுநரும் பயிற்சியாளரும் சேர்ந்து திட்டமிட வேண்டும். இந்தத் துறைகளை இணைப்பதும் இயக்குநரின் பணிதான். வீரரை விலைச்சீட்டு ஒட்டிய சரக்காக மட்டும் பார்ப்பவருக்கு இது தோன்றாது. தன்னை மதிக்கும் கிளப்பில்தான் வீரர் மனம் ஒன்றி ஆடுவார். ஒப்பந்தத்தை நீட்டிக்கவும் உட்கார்ந்து பேசுவார்.

நல்ல விதை, கெட்ட நிலம்

இதுவரை தகுதிகளைப் பேசினோம். ஆனால் இந்தத் தகுதிகள் எல்லாம் உள்ளவரைப் பிடித்துவிட்டாலே போதுமா? போதாது என்பதைச் சொல்ல இரண்டு கதைகள் உள்ளன.

செவியாவில் அதிசயம் செய்த மோன்சியை 2017இல் ரோமா அழைத்தது. வந்த சில வாரங்களிலேயே, நிதிக் கட்டுப்பாட்டு விதிகளுக்காக ஜூன் மாதத்துக்குள் யாரையாவது விற்றே ஆக வேண்டிய நெருக்கடி. விற்கப்பட்டவர் ஸலாஹ். ஆம், ஒரு பக்கம் எட்வர்ட்ஸ் மகிழ்ச்சியோடு வாங்கினார். மறுபக்கம் மோன்சி வேறு வழியின்றி விற்றார். அடுத்த ஆண்டு சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் அதே ஸலாஹ் ரோமாவுக்கு எதிராக இரண்டு கோல் அடித்தார். 2018 கோடையில் அலிசனும் லிவர்பூல் போனார். 2019 மார்ச்சில், பயிற்சியாளர் டி ஃபிரான்செஸ்கோ நீக்கப்பட்ட மறுநாள் மோன்சியும் வெளியேறினார். அதே மாதம் செவியா திரும்பினார். அடுத்த ஆண்டே செவியா மீண்டும் யூரோப்பா லீக்கை வென்றது. ஆள் ஒருவரே, இடம்தான் வேறு.

இரண்டாவது கதை ஆஷ்வொர்த்துடையது. பிரைட்டனில் சாதித்த பின் நியூகாசில் போன அவரை, 2024இல் ஜிம் ராட்கிளிஃப் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு அழைத்தார். ராட்கிளிஃப் அந்தக் கிளப்பின் கால்பங்குக்கும் சற்று அதிகமான பங்கை வாங்கி, கால்பந்து நிர்வாகத்தைத் தம் கையில் எடுத்திருந்தார். ஆஷ்வொர்த்துக்காக மாதக்கணக்கில் காத்திருந்து, நியூகாசிலுக்கு இழப்பீடும் கொடுத்தார்கள். 2024 ஜூலை 1ஆம் தேதி அவர் பொறுப்பேற்றார்.

ஆனால் பெரிய முடிவு ஒன்று அதற்கு முன்பே எடுக்கப்பட்டிருந்தது. எஃப்.ஏ. கோப்பையை வென்ற டென் ஹாக்கை வைத்துக்கொள்வதா என்று வாரக்கணக்கில் ஆராய்ந்து, வேறு பயிற்சியாளர்களிடமும் பேசிப் பார்த்து, கடைசியில் அவரையே தொடர வைத்தார்கள். ஜூலை முதல் வாரத்தில் ஒப்பந்தத்தை 2026 வரை நீட்டித்தார்கள். அக்டோபர் 28ஆம் தேதி நீக்கினார்கள். அடுத்து வந்த ரூபன் அமோரிம் மூன்று மையத் தடுப்பாட்டக்காரர்களை வைத்து ஆடுபவர். டென் ஹாக்குக்காக வாங்கிச் சேர்த்த அணியோ வேறு ஆட்டத்துக்கானது. டிசம்பர் 8ஆம் தேதி ஆஷ்வொர்த்தும் வெளியேறினார். காத்திருந்த காலமும் வேலை செய்த காலமும் ஏறத்தாழ ஒன்றே, ஐந்து மாதம்.

2025 மே மாதம் முடிந்த சீசனில் யுனைடெட் 42 புள்ளிகளோடு 15ஆம் இடத்தில் நின்றது. பிரீமியர் லீக் காலத்தில் அதன் மிக மோசமான முடிவு இதுதான்.

ஆஷ்வொர்த் திறமையற்றவர் என்று இதற்கு அர்த்தமா? பிரைட்டனின் கணக்குப் புத்தகம் அப்படிச் சொல்லவில்லை. பிரைட்டனில் முதலாளி ஒருவர், வழி ஒன்று, பேச்சும் ஒன்று. யுனைடெட்டில் சிறுபங்கு முதலாளி, பெரும்பங்கு முதலாளி, தலைமை நிர்வாகி, தொழில்நுட்ப இயக்குநர் என்று பலர். இறுதிச் சொல் யாருடையது என்பதே தெளிவில்லை. ஓர் ஓடத்தில் இத்தனை பேர் துடுப்பு வலித்தால், சுக்கானைப் பிடித்தவர் என்ன செய்வார்?

ஆகவே இயக்குநரைத் தேடும் முன் கிளப் தன்னையே கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. நாம் எந்த வகை ஆட்டம் ஆடும் கிளப்? பயிற்சியாளரை நியமிக்கும், நீக்கும் அதிகாரம் இயக்குநருக்கு உண்டா? முதலாளி ஒரு வீரரை விரும்பி, இயக்குநர் மறுத்தால் யார் சொல் நிற்கும்? மூன்று ஆண்டு பொறுத்திருப்போமா, மூன்று தோல்வியில் கைவிடுவோமா? இவற்றுக்கு எழுத்தில் பதில் இல்லாத கிளப், எவ்வளவு சிறந்த ஆளைக் கொண்டுவந்தாலும் பயனில்லை. அப்படிப்பட்ட இடத்துக்கு வரும் முன், இந்தக் கேள்விகளை நேர்காணலில் தாமே எழுப்புகிறவர்தான் நல்ல இயக்குநர். 'எது சொன்னாலும் சரி, வேலை கொடுங்கள்' என்பவரிடம் கிளப் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

விலை கொடுப்பவர் யார்?

பணக்காரர்களின் விளையாட்டு, பணக்காரர்களின் தவறு என்று இதைக் கடந்துபோக முடியாது. டென் ஹாக், அவர் உதவியாளர்கள், ஆஷ்வொர்த் ஆகியோரை அனுப்பியதற்கு யுனைடெட் கணக்கில் எழுதிய செலவு 1.45 கோடி பவுண்டு. அதே காலத்தில், நட்டத்தைக் காரணம் காட்டி, கிளப் 2024இல் சுமார் 250 பேரை வேலையை விட்டு அனுப்பியது. 2025 பிப்ரவரியில் மேலும் 200 பேர் வரை அனுப்பப்படலாம் என்று அறிவித்தது. ஓல்டு டிராஃபோர்டு மைதான ஊழியர்களுக்குக் கிடைத்துவந்த இலவச மதிய உணவும் நிறுத்தப்பட்டது. 40 பவுண்டிலிருந்து தொடங்கிய உறுப்பினர் டிக்கெட், அந்த சீசனின் மிச்ச ஆட்டங்களுக்கு 66 பவுண்டு ஆனது. 25 பவுண்டுக்கு உள்ளே போன சிறுவர்களுக்கும் அதே 66 பவுண்டு. முதியோருக்கும் சலுகை கிடையாது.

இந்த நட்டம் முழுவதும் தவறான வீரர்களை வாங்கியதால் வந்தது என்று சொல்ல மாட்டோம். கடனும் வட்டியும் அங்கே தனிக் கதை. ஆனால் ஆண்டுக்கணக்கில் பொறுப்பான ஒருவர் இல்லாமல் கோடிகள் கரைந்தன என்பதை மறுக்க முடியாது. தவறு செய்த மேசையில் இருந்தவர்கள் இழப்பீட்டோடு போனார்கள். சமையலறையிலும் அலுவலகத்திலும் வேலை செய்தவர்கள் வேலையை இழந்தார்கள். மகனைக் கைப்பிடித்து ஆட்டம் பார்க்க அழைத்துவந்த தகப்பன் கூடுதல் காசைக் கொடுத்தார்.

நல்ல இயக்குநரின் பெயரை ரசிகர்கள் பாட்டாகப் பாட மாட்டார்கள். அவர் தடுத்து நிறுத்திய தவறான ஒப்பந்தங்கள் எந்தப் பட்டியலிலும் வராது. ஆனால் அந்தத் தகப்பன் பழைய விலையிலேயே டிக்கெட் வாங்கி, மகனோடு உள்ளே போக முடிகிறது என்றால், அதற்குப் பின்னால் ஒருவர் சரியான நேரத்தில் 'வேண்டாம்' என்று சொல்லியிருக்கிறார். அவர் சொன்னதைக் கேட்கும் கிளப்பும் அங்கே இருந்திருக்கிறது.